ஒழுகுவது கூரை, பூசுவது சுவரையா?

"மழை விட்டால் காய்ந்துவிடும்" என்று இனி யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். பட்டிப்பொலயில் மழை விட்டாலும் சுவர் காய்வதில்லை. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் எங்களூரில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். ரயிலில் வருகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையருகே நின்று மூடுபனியோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பனிதான் எங்கள் காம்பராச் சுவர்களை வருஷம் முழுக்க ஈரமாகவே வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டு மூலையில் நடந்ததைச் சொல்கிறேன். கூரைத் தகரத்தில் ஆணி அடித்த துளை துருவேறி அகன்றுவிட்டது. அதில் இறங்கிய தண்ணீர் சலாகையைப் பிடித்து ஓடி, சுவரின் தலைப்பில் இறங்கியது. முதலில் வெற்றிலைக் கறை மாதிரி ஒரு வட்டம். பிறகு பெயின்ட் கொப்பளித்தது. நகத்தால் குத்தினால் தண்ணீர் வடிந்தது. அப்புறம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. இப்போது கட்டைவிரலால் அழுத்தினால் பூச்சு அப்படியே உள்வாங்குகிறது, விரலை எடுத்தால் மணலாகக் கொட்டுகிறது. பிள்ளைகளின் புத்தகப் பை, பாய், கம்பளி எதை முகர்ந்தாலும் பூஞ்சண நாற்றம்தான். இரவில் சின்னவனுக்கு இழுப்பு வந்தால் அந்தச் சுவரைப் பார்க்கவே வயிறு எரிகிறது.

இதைச் சொல்லி முறையிட்டால் என்ன நடக்கிறது? ஒரு மேசன் பாஸ் வருவார். உதிர்ந்த இடத்தில் மட்டும் சீமெந்துக் கலவையை அப்பி, மேலே வெள்ளையடித்துவிட்டுப் போவார். கூரையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. யாராவது பெரியவர்கள் பார்வையிட வரும் நாளில் சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழையோடு பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்.

ஏன் நிற்பதில்லை என்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. சுவருக்குள் போன தண்ணீர் அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு பூச்சுக்குள்ளேயே தங்கிப் பளிங்காக வளர்ந்து, பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. அதிலும் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. பல லயங்களில் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள்தான் இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சீமெந்தை இறுக்கிப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே தேங்கும்; களிமண் இளகும், பூச்சு கழன்று வரும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று கட்டட வேலைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பின்னாலேயே ஐப்பசி மழை, அதை விட்டால் வடகீழ்ப் பருவமழை. இந்த ஊரில் தொடர்ந்து ஒன்பது மாத வெயிலுக்கு எங்கே போவது? ஈரச் சுவரில் பூசுகிற ஒவ்வொரு மூடை சீமெந்தும் கானில் கொட்டியதற்குச் சமம்.

"உங்கள் கூரையை நீங்களே பார்த்துக்கொள்ளலாமே" என்று வெளியாட்கள் சொல்கிறார்கள். லயத்தில் தனிக் கூரை ஏது? ஒரே தகரம் வரிசை முழுக்க ஓடுகிறது. மூன்றாவது வீட்டின் மேலே ஒழுகுகிற தண்ணீர் எங்கள் வீட்டில் வந்து சொட்டும். ஒருவர் தன் தலைக்கு மேலே மட்டும் தார் பூசிப் பயனில்லை. பின்பக்கம் மலையை வெட்டி ஒட்டிக் கட்டியிருப்பதால், கான் அடைத்துக்கொண்டால் மேட்டுத் தண்ணீரும் அடிச்சுவருக்குள்தான் இறங்குகிறது.

செலவையும் பாருங்கள். 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா ஆனது. அந்தக் கூலியில் ஒரு முழுநாள் கொழுந்து பறித்தாலும் 50 கிலோ சீமெந்து மூடை ஒன்று வாங்க முடியவில்லை. அதற்கு மேல் வீடு எங்கள் பெயரில் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. ஒழுகுகிற கூரைக்குப் பொறுப்புக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். தோட்டத்தில் பெயர் பதியாத குடும்பம் என்றாலோ, வேலையை விட்டு நின்றவர் என்றாலோ, அந்தப் பதிலும் கிடைப்பதில்லை. புது வீடு கேட்டால், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கிடைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். கிடைக்காதவர்கள் அதுவரை இந்தச் சுவருக்குள்தானே படுத்தெழும்ப வேண்டும்?

திருத்த வருகிறவர்களிடம் நான் கேட்பது புது மாளிகை இல்லை, வேலையை ஒழுங்குமுறையாகச் செய்யுங்கள் என்பதுதான். முதலில் வரிசை முழுக்கக் கூரைத் தகரத்தைப் பாருங்கள், பீலியைத் திருத்துங்கள், பின்கானை வெட்டிவிடுங்கள். பிறகு ஊறிப்போன பூச்சைக் கல் தெரியும்வரை, கறை படிந்த இடத்துக்கு ஓரடி தள்ளியும் சேர்த்துக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். தை முதல் பங்குனி வரை கிடைக்கிற வெயிலில் ஜன்னலைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். பழைய சுவர் என்றால் சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரம் ஸ்விட்ச் பக்கம் வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சுவரில் சரிவாக ஓடும் வெடிப்பு நாளுக்கு நாள் அகன்றால் அது பூச்சுக் கோளாறு இல்லை, மண் நகர்கிறது என்று அர்த்தம். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகத்தை என்ன செய்தன என்று பார்த்தோம். அந்த வெடிப்பை மூடிப் பூச விடாதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி, கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

மற்றபடி, கூரையில் ஏறாமல் சாந்துச் சட்டியோடு மட்டும் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள். லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். ஒழுக்கை அடைக்காத வரைக்கும் அந்தப் பூச்சு நமக்கு வேண்டாம்.