பகல் டியூட்டி

பறவை விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே அனுபவம், மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்து காக்காய் விரட்டியதுதான். அப்படிப்பட்டவனை, "தவளைவாயன் காட்டறேன், வாங்க மாமா" என்று தட்டேக்காட்டுக்கு இழுத்துப் போனான் என் மச்சினன். எட்டு மாதப் பையனை இடுப்பில் வைத்தபடி முறைத்தவளிடம், "போட்டோவோட வர்றேன்" என்று சவடால் விட்டுக் கிளம்பினேன்.

கேரளாவில் கோதமங்கலம் பக்கம், பெரியாற்றங்கரைக் காடு. 1983-ல் சரணாலயமாக்கி சாலிம் அலி பேரை வைத்திருக்கிறார்கள். மொத்தமே 25 சதுர கிலோமீட்டர். இதற்குள் ஒரு பறவை எங்கே ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவே இல்லை சார், அதுதான் பிரச்னையே!

தவளைவாயன் ராத்திரியில் பூச்சி பிடிக்கிற ஜாதி. பகலெல்லாம் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஒரு சாண் உடம்பு. அதற்குச் சம்பந்தமில்லாத அகல வாய். பெண் காய்ந்த இலை நிறம், ஆண் பட்டுப்போன கிளை நிறம்.

"அதோ" என்று கை நீட்டினார் கைடு. பார்த்தேன். இலை.

"இலைக்குப் பின்னாலயா?"

"இல்ல சாரே, இந்தப் பக்கம்."

பத்து நிமிஷம் கழித்து, "ஆஹா, என்ன அழகு!" என்று உருகினேன். நான் உருகியது நிஜமான மரப்பட்டையைப் பார்த்து! மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்புறம்தான் பக்கத்துக் கிளைக்கு மீசை இருப்பது தெரிந்தது. மீசைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடு. ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டைதானாம்; அதன் மேல்தான் ஐயா உட்கார்ந்திருக்கிறார்.

செல்போனைத் தூக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் போனேன். அது மெதுவாக மூக்கை வானத்துக்கு நீட்டியது.

"மச்சான், போஸ் குடுக்குதுடா!"

கைடு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போஸ் இல்ல சாரே, பயம். ஒடிஞ்ச கொம்பு மாதிரி நடிக்குது. இன்னும் கிட்டப் போனா பறந்துடும். முட்டை அனாதையாக் கிடக்கும்."

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு உடனே புரிந்தது. கையிருப்பு ஒன்று. போனால் மிச்சம் பூஜ்யம். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மூச்சுகூட விடாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தேன். தூரத்தில் நின்று பார்த்தபோது, அந்த மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், "போட்டோ எங்கே?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், அவளுக்கு வேறு சந்தேகம்.

"பகல் பூரா அடைகாக்கறது அப்பாவா?"

"ஆமா."

"அம்மா?"

"ராத்திரியிலே ரெண்டு பேரும் மாத்தி மாத்தி..."

முடிப்பதற்குள் பையன் என் மடியில் இருந்தான்.