மீசைக்கு வந்த மவுசு

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். புல்லட் வாங்கணும்னு ஆசைப்பட்டால் மட்டும் அது ‘டிமாண்ட்’ ஆகிவிடாது. பாக்கெட்டில் பணமும் இருக்கணும். புல்லட்டுக்கு இந்தச் சட்டம் சரி. உயிர் காக்கும் மருந்துக்கும் இதே சட்டம்தான் என்றால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

ஆப்பிரிக்காவில் தூக்க வியாதி என்று ஒன்று. ‘எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இருக்கே சார்’ என்று சிரிக்காதீர்கள். ட்செட்சி என்ற ஈ கடிக்கும்போது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று ரத்தத்தில் நுழைந்து, கடைசியில் மூளைக்குப் போய்விடும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, பிதற்றல், கோமா. வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணம்.

முற்றிய கேஸ்களுக்கு 1949-லிருந்து கொடுத்து வந்தது மெலார்சோப்ரால். ஆர்செனிக் கலந்த சமாசாரம்; சுத்தத் தமிழில் பாஷாணம். நரம்பில் ஏற்றினால் நெருப்பாய் எரியும். 100 பேருக்கு ஏற்றினால் சுமார் 5 பேர் மருந்தினாலேயே போய்விடுவார்கள்.

அப்புறம் வந்தது எஃப்ளார்னித்தின். கான்சருக்காகச் செய்த மருந்து, அங்கே ஃபெயில். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவும் தூக்க வியாதிக்குப் பிரமாதமாய் வேலை செய்தது. கோமாவில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. சில வருஷங்களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். காரணம், எழுந்து உட்கார்ந்தவரின் பாக்கெட் காலி.

இப்போதுதான் கதையில் மீசை வருகிறது. பெண்களின் முகத்தில் முடி வளர்வதை இதே சரக்கு மட்டுப்படுத்தும் என்று தெரிந்து, 2000-ல் அமெரிக்காவில் க்ரீமாக வந்தது. உயிருக்கு இல்லாத டிமாண்ட் மயிருக்கு இருந்தது! ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு உலகம் பூராவும் சத்தம் போட, 2001-ல் அவென்டிஸ் கம்பெனி உலக சுகாதார நிறுவனம் மூலம் மருந்தை இலவசமாய்த் தரச் சம்மதித்தது.

அதிலும் ஒரு சிக்கல். 14 நாளில் 56 தடவை டிரிப்ஸ் ஏற்றணும். கரண்டே இல்லாத கிராமத்தில் யார் ஏற்றுவது? விழுங்குகிற மாத்திரை வேண்டும்.

2003-ல் லாப நோக்கமில்லாமல் மருந்து தேடுவதற்கென்றே டி.என்.டி.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதில் ஒரு பங்காளி. அவர்கள் கையில் எடுத்தது புத்தம்புதுச் சரக்கை அல்ல, பழசை. 700-க்கும் மேற்பட்ட கூட்டுப்பொருள்களை அலசினார்கள். சிக்கியது ஃபெக்ஸினிடசோல். ஹோக்ஸ்ட் கம்பெனி எப்போதோ செய்து, பாதியில் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருந்த மருந்து. சோதனைகளில் பாஸாகி, 2018-ல் ஐரோப்பிய மருந்து ஏஜென்சியின் பச்சைக்கொடியும் வாங்கியது. 10 நாள், சாப்பாட்டோடு மாத்திரை. அவ்வளவுதான்.

1998-ல் கணக்குக்கு வந்த நோயாளிகள் ஏறக்குறைய 40,000 பேர். 2018-ல் 1,000-க்கும் கீழே. இது மாத்திரையின் பெருமை இல்லை; அது வருவதற்குள்ளேயே கிராமம் கிராமமாய்ப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களே, அவர்கள் பெருமை. மிச்சத்தையும் முடித்து வைக்கத்தான் மாத்திரை.

கம்பெனிகளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. லாப நஷ்டக் கணக்கில் ஏழையின் உயிருக்குக் காலம் கிடையாது. அதை எழுத வேறு நோட்டு வேண்டும்; அந்த நோட்டுக்குப் பணம் போட வேண்டியவர்கள் அரசாங்கங்களும் நாமும்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு வியாதிக்காரனும் ஏதாவது ஒரு க்ரீம் வருகிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான்.