எறியத் தெரிந்த கை

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் ஆனாலும் சரி, காசிக்குப் பக்கத்துக் கிராமம் ஆனாலும் சரி, கல்லெறிந்து மாங்காய் விழுத்தாத பையன் உண்டா? "கையை ஒடிக்கிறேன் பார்!" என்று தாய் அதட்டாத வீடுதான் உண்டா? அப்படிப்பட்ட ஒரு கிராமத்துக் கைக்கு 1 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது என்றால் வியப்பாக இல்லையா?

அந்தக் கைக்குரியவர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தில் பதோஹி மாவட்டத்துக்காரர். தகப்பனார் லாரி ஓட்டுபவர். பெரிய குடும்பம்; சிறிய வீடு. ரிங்கு ஈட்டி எறிந்து பழகியவர்.

2008-ம் ஆண்டு அமெரிக்கர் சிலர் இந்தியாவுக்கு வந்து, வேகமாகப் பந்து எறியும் போட்டி நடத்தினார்கள். பல்லாயிரம் வாலிபர்கள் கலந்துகொண்டார்கள். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ரிங்கு முதல் பரிசு பெற்றார். அவரைப் போலவே ஈட்டி எறியும் தினேஷ் படேலும் தேறினார்.

அமெரிக்கர் தேடியது பேஸ்பால் ஆட்டத்துக்கு ஆள். உருண்டைத் தடியால் அடிப்பவரை நோக்கி, தரையில் படாமல் பந்தை எறியும் ஆட்டம் அது. இருவரும் அதை ஆடியதே இல்லை! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாம் ஹவுஸ் என்ற ஆசிரியரிடம் சில மாதம் பயின்றார்கள். அதே நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இந்தியருக்கு அதுவே முதல் முறை. 2014-ல் இவர்கள் கதை படமாகவும் வந்தது. இசை, நம் ஏ.ஆர். ரஹ்மான்.

படம் அத்துடன் முடிந்தது. வாழ்க்கை முடியவில்லை. 2010-ல் தினேஷை விடுவித்துவிட்டார்கள். அவர் ஊர் திரும்பினார். ரிங்கு கீழ்நிலைக் குழுக்களில் ஆடினார். முழங்கைக் காயத்தால் வருந்தினார். முதல்நிலைக் குழுவை எட்டவே இல்லை. 2018-ல் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

கொரியாவின் பார்க் சான் ஹோவைப் பாருங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் பேஸ்பால் ஆடியவர். 1994-ல் அமெரிக்காவின் முதல்நிலைக் குழுவில் இடம் பெற்ற முதல் கொரியர் ஆனார். அங்கே 124 ஆட்டங்களை வென்றார்.

நம்மவர் கையில் வலு இல்லையா? இருந்தது. பயிற்சிதான் பத்து ஆண்டு தாமதமாக வந்தது. அந்தக் கையைக் கண்டுபிடிக்கவும் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது!

எறிகிற பையனைப் பெற்றோர் அதட்டினால் மட்டும் போதாது. விளையாட்டு ஆசிரியரிடம் அழைத்துப் போக வேண்டும். ஆசிரியர் நாடாவைப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூட மைதானம் முள் மண்டிக் கிடக்காமல் ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டும். படிப்பையும் விட்டுவிடலாகாது. காயம் பட்ட கைக்கு அதுதான் துணை.

பரிசு அதிர்ஷ்டத்தால் வரலாம். பயிற்சி அப்படி வராது. அதை நாம்தான் தரவேண்டும்.