நோய்க்குப் பேர் ராணிக்கேத், மருந்து இராணிப்பேட்டை, சாவு நம்ம தெருவில்

கோழி தலையை ஆட்டுகிறது. கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. கீழே கிடக்கும் அரிசியைக் கொத்தப் போனால் இரண்டு விரற்கடை தள்ளிக் கொத்துகிறது. கால் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விழுகிறது. நம்ம கீரனூர்ப் பக்கம் கோழி வளர்த்தவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. "கண்ணு பட்டுருச்சு." "பங்குனி வெயிலு மண்டையில ஏறிருச்சு." "பூரானைக் கொத்தித் தின்னுருக்கும்." கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: "கோழின்னா சீக்கு வரும், போகும்."

வந்த சீக்கு சும்மாவா போகிறது? பஞ்சாரத்தையே காலி செய்துவிட்டுப் போகிறது.

தெருவில் நாலைந்து வீட்டுக் கோழிகள் ஒரே வாரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையைத் தொங்கப்போட்டுச் சாகின்றன என்றால் பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல்தான். சாகாமல் தப்பியதுதான் பிறகு கழுத்து முறுக்கி நிற்கும். வைரஸ் நரம்பு மண்டலத்தைத் தாக்கியதன் அடையாளம் அது. 1926இல் இங்கிலாந்தில் நியூகாசில் ஊரிலும் ஜாவாத் தீவிலும் இதை முதலில் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் நாட்டில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் கண்டதால், இங்கே அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அதே குமாவோன் மலையில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1940களிலேயே தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள். நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. கோழிக்கழிச்சல் மருந்தும் அங்கே தயாராகிறது.

மருந்து வந்து எண்பது வருடம் ஆகிறது. இன்னும் நம் தெருவில் கோழி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்றால் அதைத் தலைவிதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி, ஊசியெல்லாம் பிராய்லருக்குத்தான்" என்பார்கள். இந்த நோய்க்கு நாடு, சீமை என்ற பேதம் கிடையாது. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு போவதும் உண்டு.

"ஊசி போட்டப்புறம்தான் செத்துச்சு" என்பார்கள். நோய்க்கிருமி உள்ளே போய் 2 முதல் 15 நாள் வரை வெளியே தெரியாமல் இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி சாகத் தொடங்கிய பிறகு மருந்தகத்துக்கு ஓடினால் ஊசி என்ன செய்யும்? வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுகிற கதைதான்.

"மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைச்சுக் குடுத்தாப் போதும்" என்பார்கள். கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் வந்த பின் இந்த வைரஸைக் கொல்லும் மருந்து எவரிடமும் இல்லை. வருமுன் போடும் சொட்டு மருந்துதான் காப்பு. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. காசு கொடுத்து வாங்கினாலும் கோழிக்கு ஒரு நாட்டுமுட்டை விலைகூட ஆகாது.

இவ்வளவும் ஜனங்களைச் சொன்னேன். அரசாங்கத்துக்கும் சொல்ல இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பிப்ரவரியில், இரண்டு வாரம் இலவச முகாம் நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் நம் வீட்டுக் கோழி பிப்ரவரியில் மட்டுமா அடை வைக்கிறது? சித்திரையில் பொரித்த குஞ்சும் ஆடியில் பொரித்த குஞ்சும் அடுத்த முகாம் வரை யாரை நம்பி மேயும்? முகாமுக்கு வருகிறவர்களும் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அதற்குள் கோழி எல்லாம் குப்பைமேடு, கருவேலங்காடு என்று போய்விடும். வயதான அம்மாவால் ஓடிப் பிடிக்க முடியுமா? விடியற்காலை பஞ்சாரத்தைத் திறக்கும் முன் வந்தால் அரை மணியில் ஒரு தெரு முடிந்துவிடும்.

அடுத்தது மருந்துக் குப்பி. ஒரு குப்பியில் 100 கோழிக்கான மருந்து. கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் பெண் தனியாக வாங்கி என்ன செய்வாள்? நம் கால்நடைப் பல்கலைக்கழகமே இரையோடு கொடுக்கும் குருணை மருந்து ஒன்றை உருவாக்கியது. மேய்ச்சல் கோழிக்கென்றே செய்த மருந்து. நம் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தவர் உண்டா? அவ்வப்போது பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டம் மட்டும் போட்டோவோடு வருகிறது. குஞ்சு கொடுத்த கை, சொட்டு மருந்துக்கு மட்டும் ஏன் சுருங்குகிறது?

கோழிதானே என்று நினைக்காதீர்கள். மானம் பார்த்த பூமி நம்முடையது. மழை பொய்த்த வருடத்தில் பிள்ளைக்கு நோட்டு, பேனா, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு, அவசரத்துக்கு மொய் எல்லாம் அந்தச் சிறுவாட்டுக் காசிலிருந்துதான் வந்தன. புருஷனிடம் கை நீட்டாமல் ஒரு பெண் தானே வைத்துச் செலவழித்த காசு அது. நான்கு நாளில் அது குழிக்குப் போவதை "வரும், போகும்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆகவே சொல்கிறேன். தெருவுக்கு ஒரு மகளிர் குழுப் பெண்ணுக்குச் சொட்டு மருந்து போடப் பழக்க வேண்டும். மாதம் ஒரு நாள் குறித்து, தெருக்கோழிகளைக் கணக்கெடுத்து, ஒரே குப்பியைப் பங்கு போட வேண்டும். மருந்தையும் ஐஸ் பெட்டியையும் அரசு கொடுக்கட்டும். அதைக் கிராமசபையில் எழுந்து நின்று கேட்கலாம்.

நாமும் ஒன்றை நிறுத்த வேண்டும். தலை தொங்கின கோழியை அவசரமாகச் சந்தைக்குத் தூக்கிப் போய் பாதி விலைக்குத் தள்ளுகிறோமே, அது நோயை ஊர் ஊராக விற்பது. செத்ததைக் குளத்தில் வீசுவதும் அப்படித்தான். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். சந்தையில் வாங்கி வந்த புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே கட்டுங்கள். திடீரென்று கொத்தாகச் செத்தால் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலும் இதே மாதிரி தலையை ஆட்ட வைக்கும். இளங்குஞ்சு ஒன்றிரண்டு மட்டும் தலை நடுங்கினால் வைட்டமின் குறைவாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது அடையில் கோழி இருந்தால், குஞ்சு பொரிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து ஏழாவது நாளையும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.