ஆப்பிரிக்காவுக்கு முன் காங்கயம்!



திருப்பூர் காதர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள பனியன் சந்தை அது. கடை வாசலில் தொங்கும் குழந்தைகள் பனியன்களில் சிங்கமும், வரிக்குதிரையும், ஒட்டகச்சிவிங்கியும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். "ஆப்பிரிக்காவுக்குப் போய் இவற்றை நேரில் பார்க்க வேண்டும்" என்று ஆசை வரும். நல்ல ஆசைதான்!

தான்சானியா நாட்டில் செரங்கெட்டி தேசியப் பூங்கா இருக்கிறது. 1951-ல் அமைக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 14,700 சதுர கிலோ மீட்டர். நம் திருப்பூர் மாவட்டத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! எங்கு பார்த்தாலும் புல். நடுநடுவே குடை விரித்தாற்போல வேல மரங்கள். இத்தகைய நிலத்துக்கு 'சவானா' என்று பெயர். அங்கே மழை பெய்த இடத்தில் புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி, மாடு போன்ற உருவம் கொண்ட வில்டபீஸ்ட் விலங்குகள் 10 லட்சத்துக்கும் மேல் ஊர்வலம் போகும். அவற்றை வேட்டையாடித்தான் சிங்கங்கள் வயிறு நிரப்புகின்றன. புல் இல்லையென்றால் அங்கே சிங்கமும் இல்லை!

சரி, அவ்வளவு தூரம் போக எல்லோராலும் முடியுமா? காதர்பேட்டையிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் காங்கயம். அந்தப் பக்கத்தில் 'கொரங்காடு' என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அங்கும் புல்லும் வேல மரமும்தான். கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும். வெள்வேல மரம் நிழலும் தரும், மாடு தின்னக் காயும் தரும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே மேய்வது புகழ்பெற்ற காங்கயம் மாடு. இதன் கன்று பிறக்கும்போது செந்நிறம். சில மாதங்களில் நிறம் மாறிவிடும்!

மாட்டின் காலடியில் பூச்சி பிடித்துத் தின்ன உண்ணிக்கொக்கு வரும். செரங்கெட்டியிலும் காட்டெருமைகளின் பின்னால் உண்ணிக்கொக்கு நடக்கிறது! மயில், கௌதாரி, பனங்காடை, முயல், கீரி ஆகியவற்றையும் கொரங்காட்டில் பார்க்கலாம்.

ஆனால், பலர் இதை "சும்மா கிடக்கிற நிலம்" என்கிறார்கள். பல இடங்களில் கொரங்காடு வீட்டு மனைகளாக மாறிவிட்டது. வேலியைப் பிடுங்கி, புல்லை வழித்துவிட்டால் மாடு எங்கே மேயும்? கௌதாரி எங்கே முட்டையிடும்? வீடு வேண்டியதுதான். ஆனால், பல தலைமுறைகள் காத்த புல்வெளியை அழித்துவிட்டால், மீண்டும் உருவாக்குவது எளிதல்ல.

ஆகவே, இந்த விடுமுறையில் அப்பா, அம்மாவுடன் ஒரு கொரங்காட்டுக்குப் போய் வாருங்கள். அது ஒரு விவசாயியின் சொந்த நிலம். எனவே, அனுமதி கேட்டு உள்ளே போங்கள். படலைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். செரங்கெட்டியில் வண்டியை விட்டு இறங்காமல், சத்தம் போடாமல்தான் விலங்குகளைப் பார்க்க வேண்டும். அதே மரியாதை இங்கும் வேண்டும். கல்லெறிவதும், கூட்டைக் கலைப்பதும் கூடவே கூடாது. பார்த்த பறவை, புல், மரத்தின் பெயர்களை அங்குள்ள தாத்தா, பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

நாளை நீங்கள் பெரியவர்கள் ஆகும்போது, எந்த நிலம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யப் போவது நீங்கள்தான். பெயர் தெரிந்த ஒன்றை அழிக்க மனம் வராது, இல்லையா?

செரங்கெட்டிக்கு ஒருநாள் போகலாம். காங்கயம் பஸ் இன்றைக்கே இருக்கிறது!