பெயர் மாறியது, பார்வை மாறியதா?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவாலங்காடு என்றொரு நிலையம் வரும். திருத்தணியை அடுத்த அவ்வூரைக் காரைக்கால் அம்மையார் முக்தி பெற்ற ஊராகச் சைவ மரபு போற்றுகிறது. அழகிற் சிறந்த வணிகர் குலப் பெண்ணொருத்தி, கணவன் பிரிந்து போன பின், அவனுக்கென்று தாங்கிய மேனி வனப்பை வேண்டாமென உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றாள் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும், எலும்பும் தோலுமான ஒரு பெண்ணுருவை இந்நாட்டு மக்கள் நூற்றாண்டுகளாக 'அம்மை' என்றழைத்து மதித்து வந்திருக்கின்றனர் என்பது நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

அத்தகைய நாட்டில்தான் இன்று பெட்டிக்கடைகள் தோறும் 'சிவப்பழகு' களிம்புகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. சிவப்பு என்பது ஒரு நிறம்; அழகு என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி நம் வீட்டுக் கூடத்தில் புழங்க விட்ட பெருமை விளம்பரக்காரர்களையே சாரும்.

இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பை இந்தியச் சந்தையில் இறக்கிய ஆண்டு 1975. அன்று தொட்டு விளம்பரங்கள் சொன்ன கதை ஏறக்குறைய ஒன்றே. கருநிறப் பெண்ணுக்கு வேலையில்லை, மணமில்லை, மதிப்பில்லை. களிம்பைப் பூசினாளோ இல்லையோ, மூன்றும் வாசல் தேடி வந்துவிடும்! இவ்விழிவை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003இல் மைய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் தலையிட்டது. நம் சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' என்னும் அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தை 2009இல் தொடங்கிற்று. கருநிறத்தாரைத் தாழ்ந்தோராகவும் வாழ்வில் தோற்றோராகவும் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் விதி வகுத்தது. ஈற்றில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையுண்டு உலகமே கொதித்தெழுந்த 2020ஆம் ஆண்டில், 'ஃபேர்' நீங்கி 'குளோ' வந்தது. பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. இன்று விளம்பரங்களில் ஓரிரு மாநிற முகங்களும் தலைகாட்டுகின்றன. இதைப் பெருமாற்றமென்று கொண்டாடுவோர் கொண்டாடட்டும். ஐம்பதாண்டுக் காலம் நம் பெண்மக்களின் நெஞ்சில் ஏற்றிய தாழ்வு மனப்பான்மை, மேலுறையில் ஒரு சொல்லை மாற்றியதால் கரைந்து போகுமோ?

நெஞ்சை மட்டுமா வருத்தியது இம்மோகம்? மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் தம்மிடம் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகையொன்று காணப்பட்டது. அப்பதினைவரில் 13 பேர் வெண்மை தரும் களிம்புகளைப் பூசி வந்தவர்கள். அடையாளமற்ற மலிவுக் களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம் தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் அம்மாவட்டத்துச் செய்தி நமக்கோர் எச்சரிக்கையன்றோ!

நிறுவனங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க இயலாது. வாங்குவோர் இன்றி வணிகம் இல்லை. நம் திருமண அறிவிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். 'மார்க்கப் பற்றுள்ள, சிவந்த நிறமுடைய மணமகள் தேவை.' மார்க்கப் பற்றையும் சிவந்த நிறத்தையும் ஒரே மூச்சில் கேட்க நமக்கு நா கூசவில்லை! கைக்கூலி ஒழிய வேண்டுமென்று மேடையில் முழங்குவோரும், பெண் கருப்பென்றால் நகையைக் கூட்டிக் கேட்கின்றனர். நிறத்துக்குப் போடும் அபராதம் கைக்கூலியன்றி வேறென்ன? ஷாதி டாட் காம் என்னும் திருமண இணைய நிறுவனம்கூட, எதிர்ப்புக்குப் பணிந்து, தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை 2020இல் நீக்கிவிட்டது. வணிகர் செய்ததை மார்க்கம் பேசும் நாம் செய்யலாகாதா?

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையின் முப்பதாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஒருவரை அவருடைய தாயின் பொருட்டு இழித்துரைத்த அபூதர் (ரலி) அவர்களை நோக்கி, அறியாமைக் காலத்தின் எச்சம் உம்மிடம் இன்னும் இருக்கிறதே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்றும், இழிவு தாயின் கருமை குறித்தது என்றும் அறிஞர் கூறுவர். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் நகைத்தபோது, அக்கால்கள் மறுமைத் தராசில் உஹத் மலையினும் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். நிறத்தை வைத்தும் உடலை வைத்தும் மனிதரை எடைபோடும் வழக்கத்துக்கு இவற்றினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

ஒப்பனையே கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். கூடாதென்று யார் சொன்னார்? தூய்மையையும் அழகையும் மார்க்கம் விரும்புகிறது. கண்ணுக்கு மையிடுவதும் கைக்கு மருதாணி இடுவதும் மகிழ்ச்சிக்குரியவை. படைத்தவன் தந்த நிறத்துக்காக ஒரு பெண்ணை வெட்கப்பட வைத்து, அவ்வெட்கத்தைக் காசாக்குவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். நம் ஜமாஅத்துகளின் திருமணப் பதிவேடுகளிலும் நம் இதழ்களின் மணமக்கள் பகுதியிலும் நிறம் என்னும் இனமே இருத்தல் கூடாது. சிவப்பழகு விளம்பரம் தரும் பணம் எவ்வளவாயினும் சமுதாய ஏடுகள் அதனை மறுத்துவிட வேண்டும். தாய்மார்களே! வெயிலில் ஆடிவிட்டு வரும் மகளைப் பார்த்து 'கறுத்துப் போய்விடுவாயே, உன்னை யார் கட்டுவார்?' என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அக்குழந்தை கேட்கும் முதல் விளம்பரம் அதுவே.