புண்ணுக்கு மருந்தா, பஞ்சாயத்தா?

‘பொம்பளைச் சீக்கு’ என்றொரு சொல் நம் ஊர்களில் வழங்கி வருகிறது. நோய் ஆணுக்கும் வருகிறது, பெண்ணுக்கும் வருகிறது. பெயர் மட்டும் பெண்ணின் தலையில்! இந்தச் சொல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும் அநீதியைத்தான் பேரையூர் வட்டாரத்து உழைக்கும் தோழர்களின் முன்னே இன்று நாம் எடுத்து வைக்கிறோம். பேசக் கூசும் பொருள்தான். கூசிக் கூசியே எத்தனை குடும்பங்கள் குலைந்தன என்பதைத் தோழர்களே அறிவார்கள்.

மறைவிடத்தில் புண் வருகிறது, ஆறுகிறது, இரண்டு மாதம் கழித்து மீண்டும் வருகிறது. சிறுநீர் கழித்தால் எரிகிறது. குனிந்து களை பறிக்க முடியவில்லை, சூளையில் கல் சுமக்க முடியவில்லை. யாரிடம் சொல்வாள் அவள்? மாமியார், ‘உடம்புச் சூடு, வெந்தயம் தின்னு’ என்பார். கோடாங்கி, ‘அம்மன் குற்றம்’ என்பான். கணவனோ, மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீடு திரும்பிய நம் தோழனோ, முதலில் கேட்கும் கேள்வி: ‘யாரிடமிருந்து?’

அந்தக் கேள்விக்கு மருத்துவமே விடை சொல்லவில்லை என்கிறோம் நாம்.

திரும்பத் திரும்ப வரும் இத்தகைய புண்ணுக்குப் பெருங்காரணம் ஹெர்ப்பிஸ் என்னும் கிருமி. அக்கி வந்தால் காவி எழுதுகிறோமே, அந்த அக்கிக் கிருமிக்கு இது உறவினம். உடம்பில் நுழைந்ததும் முதுகெலும்பை அடுத்த நரம்பு முடிச்சில் பதுங்கிக் கொள்ளும். காய்ச்சலிலோ, மாதவிலக்கிலோ, மனக் கவலையிலோ வெளியே வரும். 2024 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மக்களில் 84 கோடியே 60 லட்சம் பேருக்கு மறைவிட ஹெர்ப்பிஸ் உண்டு. ஐந்தில் ஒருவருக்கும் மேல்! அவர்களில் பெரும்பாலோருக்கு அடையாளமே தெரிவதில்லை. கணவன் உடம்பில் சத்தமின்றி இருந்தது மனைவியிடம் புண்ணாக வெடிக்கலாம். என்றோ புகுந்தது ஆண்டுகள் கழித்துத் தலை காட்டலாம். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் வகையே கீழேயும் புண் உண்டாக்கலாம். எந்த நாளில் வந்தது, யாரால் வந்தது என்று புண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய மருத்துவர் உலகத்தில் இல்லை. மருத்துவரால் ஆகாதது ஊர்ப் பஞ்சாயத்தால் ஆகுமா?

இன்னும் கேளுங்கள். ஆணையே அறியாத இளம்பெண்ணுக்கும், காய்ச்சலை ஒட்டித் திடீரென்று இத்தகைய புண் வருவதுண்டு. வியன்னா நகரத்து மருத்துவர் லிப்ஷூட்ஸ் நூறாண்டுக்கு முன்பே எழுதி வைத்தார். துருக்கி மருத்துவர் ஹுலுசி பெச்செட் 1937இல் எடுத்துரைத்த நோயில் வாயிலும் மறைவிடத்திலும் புண் மாறி மாறி வரும், கண் சிவக்கும், விட்டுவிட்டால் பார்வையே போகும். அது தொற்று நோயே அல்ல! பெட்டிக்கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகூடச் சிலருக்கு ஒவ்வாமல், விழுங்கும்போதெல்லாம் அதே இடத்தில் புண்ணைக் கிளப்பும். எல்லாச் சோதனையும் முடிந்தபின் காரணம் தெரியாமலே நிற்கும் புண்களும் உண்டு. காரணம் தெரியாத இடத்தில் பழியை வைத்து நிரப்புவது பகுத்தறிவா?

வெள்ளையர் ஆட்சி அதைத்தான் செய்தது. பட்டாளத்தைக் காப்பதாகச் சொல்லி 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. பெண்களைப் பதிவு செய்தார்கள், சோதித்தார்கள், நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தார்கள். பட்டாளத்தானை அந்தச் சட்டம் தொடவில்லை. எதிர்ப்பு எழுந்து 1888இல் அது ஒழிந்தது. பின்னர் 1905இல், சென்னைப் பொது மருத்துவமனையின் மருத்துவர் சார்லஸ் டோனவன், எளிதில் ஆறாத மறைவிடப் புண் ஒன்றின் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அவர் தேடியது கிருமியை, ஆளை அல்ல.

மராட்டியத்தின் கட்சிரோலிப் பகுதியில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து, 1989இல் ‘லான்செட்’ ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் அதற்கென்று மருத்துவரிடம் காட்டியிருந்தவர்கள் 8 விழுக்காடுதான்! நம் கரிசல் காட்டில் யாராவது அப்படி எண்ணிப் பார்த்தால் தலை நிமிர்ந்து நிற்போமா என்று கேட்டுக் கொள்வோம்.

தோழன் செய்ய வேண்டியது என்ன? புண்மீது சுண்ணாம்பும் டெட்டாலும் தடவ விடாதே. வெதுவெதுப்பான உப்பு நீரில் உட்காரட்டும். தளர்ந்த பருத்தித் துணி உடுத்தட்டும். எரிச்சலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழிக்கட்டும். புண் வந்த தேதி, மாதவிலக்குத் தேதி, விழுங்கிய மாத்திரை, வாய்ப்புண், கண் சிவப்பு எல்லாவற்றையும் பிள்ளையின் பழைய நோட்டில் குறித்து வை. மருத்துவருக்கு அது பெரிய துணை. புண் இருக்கும் நாளிலே அழைத்துப் போ. ஆறியபின் போனால் அவர் எதைப் பார்ப்பார்? நீயும் கூடவே உன் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடு. வலியில்லாத புண் தானாக ஆறினாலும் விட்டுவிடாதே. மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் அப்படித்தான் ஏமாற்றி, வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். பெனிசிலின் ஊசி அதைத் தீர்க்கும். ஹெர்ப்பிஸை வேரறுக்க இன்னும் மருந்தில்லை; அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடக்கத்திலேயே தின்றால் புண் விரைவில் ஆறும், அடிக்கடி வருவோர் மருத்துவர் சொற்படி நாள்தோறும் தின்றால் வருவதும் குறையும். அரசு மருத்துவமனைகளில் இத்தகைய நோய்களுக்கு மருந்து இலவசம்.

ஆனால் பார்த்தவுடன் பை நிறைய மருந்து கொடுத்து அனுப்புவது மட்டும் போதாது. திரும்பி வரும் புண்ணுக்குக் காரணம் தேட வேண்டும். அதற்காகப் பேரையூரிலிருந்து கல்லுப்பட்டி, திருமங்கலம் கடந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. வட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும், வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், பெண் மருத்துவர் ஒருவர் மறைவான அறையில் உட்கார்ந்து இந்த நோய்களைப் பார்க்க வேண்டும். இரத்தமும் புண் நீரும் அங்கேயே எடுத்து மதுரைக்கு அனுப்பப்பட வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பெண்கள் எழுந்து கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். முதலில் எழுந்து படிப்பவன் நம் தோழனாக இருக்கட்டும்.